டாப் ஸ்டேஷனில் நின்றுபோன ரயில்

மூணாறிலிருந்து வட்டவடைக்குப் போகிற ஜீப்புகள் டாப் ஸ்டேஷனில் சற்று ஓய்வெடுக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் டீ குடித்துவிட்டு, கீழே விரியும் தேனிச் சமவெளியைப் படமெடுத்துக் கொள்கிறார்கள். பெயர்தான் ஸ்டேஷன். தண்டவாளம் எதுவும் கண்ணில் படாது.

ஆனால் ஒரு காலத்தில் இங்கே ரயில் வந்தது நிஜம். கண்ணன் தேவன் கம்பெனி 1897-ல் உருவான பிறகு மலையெங்கும் தேயிலை செழித்தது. அதைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதுதான் பெரிய தலைவலி. 1902-ல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி வந்தது. 1908-ல் அதன் இடத்தில் குறுகிய பாதையில் நீராவி ரயில். மூணாறில் ஏற்றிய தேயிலைப் பெட்டிகள் மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனை அடையும். அங்கிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கோட்டகுடிக்கு இறங்கும். பிறகு மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர், தூத்துக்குடியில் கப்பல். எஸ்டேட்டுக்கு வேண்டிய அரிசி அதே வழியில் மேலே ஏறியது.

இந்த ஏற்பாட்டின் ஆயுள் 16 ஆண்டுகள். 1924 ஜூலையில் கேரளத்தார் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்லும் பேய்மழை (மலையாள ஆண்டு 1099) பாதையையும் பாலங்களையும் அடித்துச் சென்றது. ரயில் மீண்டும் ஓடவே இல்லை.

அதன் பின் மலையின் முகம் மேற்கே திரும்பியது. 1928-ல் கொச்சியின் புதிய துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் நுழையத் தொடங்கின. 1931-ல் ஆலுவாயிலிருந்து மூணாறுக்குப் புதிய சாலை திறக்கப்பட்டது. 1940-ல் முதிரப்புழை ஆற்று நீரைக் கொண்டு பள்ளிவாசலில் திருவிதாங்கூர் அரசு மின்சாரம் எடுத்தது. அந்த மின்சாரமும் கீழேதான் போனது. ஆலுவா அருகே அலுமினியத் தொழிற்சாலை 1943-ல் இயங்க ஆரம்பித்தது. அதை அடுத்து உர ஆலை. கேரளத்தின் தொழில் வரலாற்றில் பெருமையான அத்தியாயம் இது.

வட்டவடைக்கு இதில் என்ன பங்கு? டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலைக் காட்டைக் கடந்தால் கோவிலூர், பழத்தோட்டம், கொட்டக்காம்பூர் என்று படிப்படியாக வயல்கள். தமிழ் பேசும் விவசாயிகள் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைகோஸ் பயிரிடுகிறார்கள். அவர்களுடைய உறவும் சந்தையும் கிழக்கே, மலையடிவாரத்துத் தமிழ் ஊர்களில் இருந்தன. 1956-ல் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளம் தாலுகாவோடு வட்டவடையும் கேரளத்தில் நின்றது.

தேயிலைக்காக வந்த ரயிலை மறுபடி போட கம்பெனிக்கு அவசியம் இருக்கவில்லை. அதற்கு வேறு வழி கிடைத்துவிட்டது. பூண்டுக்காக யாரும் தண்டவாளம் போடப்போவதில்லை. பெரியகுளம் பக்கத்து மலைகளின் ஊடே கொடைக்கானலுக்குப் போன பழைய சாலையும் இப்போது வனத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. டாப் ஸ்டேஷனிலிருந்து சமவெளிக்கு நேராக இறங்க வண்டிப்பாதை கிடையாது. ஆகவே மதுரைக்குப் போகவேண்டிய மூட்டை முதலில் எதிர்த்திசையில் மூணாறுக்கு வந்து, தேவிகுளம், போடிமெட்டு என்று சுற்றி இறங்குகிறது.

தொலைத்தொடர்பு மட்டும் இந்த வளைவுகளைச் சட்டை செய்யவில்லை. மார்க்கெட் விலை செல்போனில் வந்துவிடுகிறது. ஆனால் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியவருக்கு அந்த விலை தெரிந்து என்ன லாபம்? அறுவடையைக் கடன் கொடுத்த வியாபாரியிடமே தள்ளியாக வேண்டும்.

காந்தளூர் – வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அகலப் பாதையாக மாற்றப்பட்ட போடி தடத்தில் 2023 ஜூனில் ரயிலும் திரும்பி வந்து, சென்னைக்கே நேரடி வண்டி ஓடுகிறது. டாப் ஸ்டேஷனில் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துச் சமவெளி தெரிகிறது. 1908-ல் தேயிலைப் பெட்டி நேராக இறங்கிய அந்தச் சரிவின் விளிம்பைத் தொட்டபடிதான் இன்றைக்கும் பூண்டு ஜீப் மூணாறுப் பக்கம் போகிறது.