ஜீரோவுக்குக் கல்லுப்பு

மாடல் விமானத்தின் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் காயவிடுங்கள். அங்கங்கே தண்ணீரைத் தொட்டுவைத்து, பொடித்த கல்லுப்பைத் தூவுங்கள். ஈரம் வற்றியதும் உப்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பச்சையை ஏர்பிரஷ்ஷால் அடித்து, காய்ந்தபின் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிரும். உதிர்ந்த இடமெல்லாம் வெள்ளி பளிச்சிடும். விமானிகள் ஏறி இறங்கிப் பெயின்ட் தேய்ந்த இறக்கை தயார். உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எங்கள் வள்ளூர்ப் பக்கத்தில் இதற்குச் சரக்குத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் எல்லா ஜீரோவுக்கும் உப்பு ஆகாது.

மிட்சுபிஷியின் ஏ6எம், ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த போர் விமானம். ஜப்பானியக் கணக்கில் 2600ஆம் ஆண்டான 1940இல் கடற்படையில் சேர்ந்ததால், கடைசிப் பூஜ்யத்தை வைத்து ‘ஜீரோ’ என்று பெயர். எடை குறையக் கவசத்தையே விட்டுவிட்டார்கள். 12 மீட்டர் இறக்கை, 1/48 அளவு மாடலில் 25 சென்டிமீட்டர். விமானந்தாங்கிக் கப்பலின் லிஃப்டில் நுழைவதற்காக இறக்கை நுனிகள் அரை மீட்டர் மடங்கும்.

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய 36 ஜீரோக்கள் கொழும்பைத் தாக்க வந்தன. 9ஆம் தேதி திருகோணமலை. அந்த நாட்களில் சென்னையே பயந்துபோய் ஊரைக் காலி செய்தது. அன்று வந்த விமானத்தைச் செய்பவர் உப்பைத் தொடவே கூடாது. அவை கப்பலுக்குள் பத்திரமாக நின்றவை. லேசாகத் தேன் கலந்த சாம்பல் நிறம், மினுமினுப்பு குறையாதது. எஞ்சின் மூடி கருப்பு. அகாகி கப்பலின் விமானமென்றால் வால் பக்கம் ஒரு சிவப்புப் பட்டை. அழுக்கு வேண்டுமானால் எண்ணெய்க் கசிவும் புகைக்கறையும் போதும். இங்கேதான் பலர் கை அடங்குவதில்லை. உரிந்த பெயின்ட் அழகாக இருக்கிறதே என்று உரித்துவிடுகிறார்கள். அழகுதான், ஆனால் அது கொழும்புக்கு வந்த விமானம் இல்லை.

உப்பு, 1943இல் பசிபிக் தீவுத் தளமான ரபாவுலில் நின்ற ஜீரோக்களுக்கு. சாம்பல் நிறத்தின்மேல் களத்திலேயே பச்சை அடித்தவை பல. வெயிலும் மழையும் அதைத் தின்றன. அங்கே லகுனாய் ஓடுதளத்தை ஒட்டியே தவுர்வுர் எரிமலை. எரிமலைச் சாம்பல் எப்படிப் படியும் என்று நான் எங்கள் மொட்டை மாடியில் பார்த்துக் கற்றேன். அனல்மின் நிலையத்துச் சாம்பல் தகரக் கூரையில் ஒரே சீராகப் படிவதில்லை. வழவழப்பான இடத்தைக் காற்று துடைத்துவிடும். மடிப்பிலும் ஆணித்தலை ஓரத்திலும் மட்டும் தங்கும். ஆகவே சாம்பல் நிறப் பொடியை மாடல் முழுக்கப் பூசாமல், தகடுகள் சேரும் கோடுகளில் மெல்லிய தூரிகையால் வைத்து, மிச்சத்தை விரலால் துடைத்தெடுக்கிறேன்.

துரு விஷயத்தில் கவனம் வேண்டும். எண்ணூர்க் கடல்காற்று எங்கள் ஜன்னல் கம்பியை அரிப்பதைப் பார்த்துப் பழகிய கை, தானாகச் செம்பழுப்பு டப்பாவுக்குப் போகும். ஜீரோவின் உடல் அலுமினியக் கலவை. அது செந்துரு பிடிக்காது. எஞ்சின் மூடிக்குக் கீழே இருபுறமும் எட்டிப் பார்க்கும் புகைக்குழாய்களின் முனையில் மட்டும், ஜன்னல் கம்பியின் அந்த நிறத்தை ஒரு புள்ளி வைக்கலாம்.