வெல்டிங் கற்றுத்தரும் விளையாட்டு: எது தேவை, எது அலங்காரம்?

கையில் டார்ச், முகத்தில் மாஸ்க். தீப்பொறியும் இல்லை, புகையும் இல்லை. மாஸ்க்குக்குள் இருக்கும் திரையில் வெல்டிங் கோடு ஓடுகிறது. முடித்ததும் மதிப்பெண் வருகிறது. இதுதான் வெல்டிங் சிமுலேட்டர். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் வளர்ந்த ஸ்கில்வெரி நிறுவனமும் இத்தகைய கருவிகளைச் செய்கிறது.

கார், லாரி, பைக் ஆலைகளும் அவற்றுக்குப் பாகம் செய்யும் பட்டறைகளும் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தடத்தில் கைத்தொழில் பயிற்சிக்கு எப்போதும் தேவை உண்டு. அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கும் திட்டத்தில், ஒரகடத்தில் 2023-ல் தொழில் 4.0 மையம் திறக்கப்பட்டது. இத்தகைய பயிற்சியில் சிமுலேட்டருக்கு இடம் உண்டு: நிஜ வெல்டிங்கில் பழகினால் தகடு, கம்பி, கேஸ் எல்லாம் செலவாகும். திரையில் நூறு முறை தப்பு செய்தாலும் எதுவும் வீணாகாது.

ஆனால் கருவியோடு வரும் வசதிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

ஒரு வசதியை எடுத்துவிட்டுப் பார்ப்பதே இதற்கு வழி. 1980-ல் அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் மலோன், பின்னம் கற்பிக்கும் ஒரு கணினி விளையாட்டை, சில வசதிகளை எடுத்துவிட்டு, எட்டு விதமாகச் செய்து பிள்ளைகளிடம் கொடுத்தார். அதில் அம்பு பட்டு பலூன் வெடிப்பது பையன்களுக்குப் பிடித்தது, பெண் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. அவர் முக்கியமாகப் பார்த்தது பிடித்ததா என்பதை. பயிற்சிக்கூடம் பார்க்க வேண்டியது, கை பழகியதா என்பதை.

மதிப்பெண்: மொத்தமாக ‘72’ என்று வந்தால் மாணவருக்குப் பயனில்லை. டார்ச்சின் சாய்வு, நகர்த்திய வேகம், தகட்டிலிருந்து இருந்த தூரம் ஆகியவற்றில் எது பிசகியது என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

வழிகாட்டும் அம்புக்குறி: முதல் சில நாளுக்கு நல்லது. எப்போதும் இருந்தால் மாணவரின் கண் அம்புக்குறியிலேயே இருக்கும், உருகும் உலோகத்தைப் பார்க்காது. பழகப் பழகத் தானாக மறைய வேண்டும்.

சத்தம்: சின்ன விஷயம்போலத் தோன்றும். மிக் வெல்டிங் சரியாக ஓடும்போது அப்பளம் பொரிவதுபோல ஒரே சீராகக் கேட்கும். பிசகினால் விட்டுவிட்டு வெடிக்கும். தேர்ந்த வெல்டருக்குக் காதே பாதி அளவுகோல். இதற்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

பதக்கம், போட்டிப் பட்டியல்: சீக்கிரம் முடித்தவருக்குப் பரிசு என்றால் எல்லோரும் டார்ச்சை இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். கோடு மெலிந்து, உலோகம் உள்ளே இறங்காது. தரத்துக்குப் பரிசு என்றால் வைத்துக்கொள்ளலாம்.

பின்னணியில் தெரியும் பளபளப்பான தொழிற்சாலை: மாஸ்க் போட்ட வெல்டருக்கு அது எந்தக் கூடத்திலும் தெரியாது.

சூடும் புகையும் குனிந்த முதுகின் வலியும் திரையில் வராது. அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வில் நல்ல பலன் கண்டவர்கள்கூடப் பாதி நேரம் சிமுலேட்டரிலும் பாதி நேரம் நிஜ வெல்டிங்கிலும் பழகியவர்கள்தான்.

ஆகவே கருவி விற்க வருபவரிடம் கேட்க ஒரு கேள்வி போதும்: இதில் பழகியவர் பற்றவைத்த தகட்டை வளைத்துப் பார்த்தீர்களா, விரிசல் விட்டதா?