உங்களுக்குத் தெரியுமா? ரீசெட் செய்த மதர்போர்டு எழ மறுத்தால்…

★ காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜக்கார்டு பெட்டி ஏறிய தறியில் டிசைனை ஓட்டுவது அட்டை. ஓட்டை இருந்தால் அதற்குரிய பாவு இழை மேலே எழும், இல்லையென்றால் கீழேயே கிடக்கும். 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த இந்த ஏற்பாட்டைத்தான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜ் வீட்டில் இருந்தது. அதை நெய்யச் சுமார் 24,000 அட்டை பிடித்ததாம்! இன்று அட்டைக்கான கிராஃபைப் போடுவதே கம்ப்யூட்டர்தான். டிசைன் அறையில் ஒரு மதர்போர்டு படுத்துக்கொண்டால் தறியும் காத்துக் கிடக்கும்.

★ கம்ப்யூட்டரை எழுப்பும் நிரலான பயாஸை ரீசெட் செய்தால் பயாஸ் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழியாது. பயாஸ் நிரல் போர்டில் தனி சிப்பில் பத்திரமாக இருக்கிறது. ரீசெட்டில் போவது நாம் மாற்றிவைத்த செட்டிங் மட்டுமே: எந்த டிஸ்க்கில் இருந்து தொடங்க வேண்டும், ரேம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பது போன்றவை. ரீசெட்டுக்குப் பிறகு எழாத போர்டு பெரும்பாலும் செத்த போர்டு அல்ல, மறந்த போர்டு. எதை மறந்தது என்று பார்ப்பதற்குள் ‘புது போர்டு போட்டுடலாம் சார்’ என்று யாராவது சொன்னால், ஒரு நாள் பொறுங்கள்.

★ 1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கம்ப்யூட்டரில் இந்த செட்டிங்குகளை வைத்திருந்த சிப்பின் மொத்தக் கொள்ளளவு 64 பைட். அதில் 14 கடிகாரத்துக்குப் போக, மிச்சம் 50. இன்றைய யூனிகோடில் (யு.டி.எஃப்-8 முறையில்) ‘பிள்ளையார்பாளையம்’ என்று எழுத 51 பைட் வேண்டும். ஊர்ப் பெயர்கூட உள்ளே நுழையாது!

★ சுவிட்சை அணைத்தபின் இந்த செட்டிங்குகளைக் காப்பது போர்டில் வட்டமாக மின்னும் பேட்டரி. அதன் மேல் ‘சி.ஆர். 2032’ என்றிருக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமன். புதிதாக இருக்கையில் 3 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். மல்டிமீட்டரில் 2.5-க்குக் கீழே வந்துவிட்டால் தூக்கிப் போடுங்கள். இல்லையென்றால் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் உங்கள் போர்டுக்கு ரீசெட் இரவுதான்.

★ விண்டோஸ் லோகோ வருகிறது, ஒரு கணம் நீலத்திரை மின்னுகிறது, மறுபடி முதலிலிருந்து… இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் போர்டைத் திட்டாதீர்கள். விண்டோஸ் எக்ஸ்பி-க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-இலேயே விடைகொடுத்துவிட்டது. ஆனாலும் பழைய அட்டை பஞ்சிங் மெஷினையும் பழைய டாங்கிளையும் விட மனமில்லாமல் அதையே ஓட்டுகிறவர்கள் உண்டு. எக்ஸ்பி-யைப் பெரும்பாலும் ‘ஐ.டி.ஈ.’ முறையில்தான் ஏற்றியிருப்பார்கள். ரீசெட்டான போர்டு பல நேரம் ‘ஏ.எச்.சி.ஐ.’ முறைக்குத் தாவிவிடும். அதற்கான டிரைவர் எக்ஸ்பி-யிடம் கிடையாது, தன் டிஸ்க்கே அதற்குக் கண்ணில் படாது. நீலத்திரையில் ‘7பி’ என்று முடியும் எண் இதற்கு அடையாளம். மெஷினைப் போட்டவுடன் டெலீட் பொத்தானைத் தட்டித்தட்டி செட்டப்புக்குள் போய், சாட்டா என்று இருக்கும் இடத்தில் ஐ.டி.ஈ.-யைத் தேர்ந்தெடுத்து சேமித்தால் முடிந்தது. இது தெரியாமல் ஃபார்மட் அடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரியும். பல வருஷத்து டிசைன்கள், அன்னமும் யாளியும் ருத்ராட்சக் கரையும், ஒரே மத்தியானத்தில் போய்விடும்.

★ ரீசெட் செய்யும் மூன்று கால் ஜம்பரில் தொப்பி வழக்கமாக 1, 2-இல் இருக்கும். அழிப்பதற்காக 2, 3-க்கு மாற்றியவர்கள் திருப்பி வைக்க மறப்பது அன்றாடம் நடப்பது. பல போர்டுகள் அந்த நிலையில் அசையவே அசையாது. இன்னொன்று: இந்த வேலையை பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் ‘ஆஃப்’ ஆக இருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ்.-இல் இருந்து 5 வோல்ட் போர்டுக்கு வந்துகொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் எஞ்சியிருப்பதும் வடிந்துவிடும்.

★ டி.டி.ஆர்.5 ரேம் போட்ட புதிய போர்டுகள் ரீசெட்டுக்குப் பிறகு ரேமைப் புதிதாகப் பழகிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பு. சில நிமிடம்கூட ஆகலாம். பொறுமையில்லாமல் சுவிட்சை அணைத்தால், மறுபடி முதலிலிருந்து பழகும்.

★ ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லையா? ரேமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் இரு பக்கமும் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் பிரஷால் தட்டிவிட்டு, ‘டக்’ என்று இரு முனையும் பூட்டும்வரை அழுத்துங்கள். ஊதினால் எச்சில் ஈரம் படியும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது வேறு எதற்கு? ஃபேனே சுற்றவில்லை என்றால் சந்தேகம் செட்டிங் மேல் அல்ல. ஜம்பரும் சரியாக இருந்தால், எஸ்.எம்.பி.எஸ்., பவர் பட்டன் ஒயர் என்று தேடுங்கள்.

★ உலகெங்கும் எண்ணற்ற போர்டுகளில் ஓடும் பயாஸ், அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் என்ற ஏ.எம்.ஐ. நிறுவனத்துடையது. 1985-இல் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சுப்பிரமணியன் சங்கர். தலைமையகம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில். நம் சென்னையிலும் அதற்கு மென்பொருள் மையம் உண்டு. உங்கள் திரையில் முதலில் வரும் வரிகளில் சிலவற்றை எழுதியவர் செம்மஞ்சேரியில் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

★ பயாஸே உண்மையில் அழிந்த நாளும் ஒன்று உண்டு. 1999 ஏப்ரல் 26. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் எழுதிய சி.ஐ.எச். வைரஸ் அன்று விழித்து, பயாஸ் சிப்பின் மேலேயே குப்பையை எழுதியது. செர்னோபில் அணு உலை வெடித்த அதே தேதி என்பதால் அதன் பெயரும் செர்னோபில் வைரஸ் ஆனது. சிப்பைக் கழற்றி நிரலை மறுபடி ஏற்றினால்தான் அந்த போர்டுகள் பிழைத்தன. பயாஸ் அப்டேட் நடுவில் கரண்ட் போனால் பல போர்டுகளுக்கு இன்றும் இதே கதிதான். சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப்போனால் சிப்பில் கிளிப் மாட்டி எழுதித் தருவார்கள்.

★ கரண்ட் வந்ததும் தானாக எழுந்துகொண்டிருந்த கடைக் கம்ப்யூட்டர், ரீசெட்டுக்குப் பிறகு எழவில்லையா? பழுது இல்லை. ‘மின்சாரம் வந்தால் எழு’ என்ற செட்டிங் போயிருக்கிறது. பட்டனை அழுத்தினால் போதும்.

★ தேதியும் போயிருக்கும். பட்டுக்கடை பில்லில் தேதி பல வருஷம் பின்னால் அடித்தால் ஆடிட்டர் கேட்பார். இணையதளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கும், ஏனென்றால் அவற்றின் சான்றிதழ் தேதியைக் கம்ப்யூட்டரின் தேதியோடு பிரவுசர் ஒப்பிட்டுப் பார்க்கும்.

★ புதிய விண்டோஸ் லேப்டாப்பில் ரீசெட்டுக்குப் பிறகு 48 இலக்கச் சாவியைக் கேட்கலாம். பிட்லாக்கர் பூட்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லேப்டாப்பை அமைத்திருந்தால் அந்தக் கணக்கில் பெரும்பாலும் சாவி இருக்கும். அதைப் போனில் திறந்து பார்த்து ஒவ்வோர் எண்ணாக அடியுங்கள்.