கடைசி நாலு மில்லிமீட்டர்

கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. பென்டடானிக் ஸ்கேலின் ஐந்து பொசிஷனும் தெரியும், வேகமும் வந்துவிட்டது. ஆனால் சோலோவில் கம்பியைத் தள்ளிச் சுரத்தை ஏற்றும் இடம் வந்தால் மட்டும் பிசிறடிக்கிறது. மெல்லிய கம்பிக்கு மாறினால் சரியாகுமா?

ஆகாது. ‘முப்பதே நாளில் லீட் கிட்டார்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளிடமும் இதற்கு மருந்து இல்லை. அவை வேகத்தை விற்கின்றன. நிமிடத்துக்கு இத்தனை பீட் என்று எண்ணிக் காட்டக்கூடியது வேகம்தான். மாணவர் தடுமாறும் இடம் ‘பெண்டிங்’. அதற்குள் ஒரு வர்க்கக் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. கிட்டாரில் எனக்கு இதைவிடப் பிடித்த இயற்பியல் வேறில்லை.

இழுவிசை கூடினால் அதிர்வெண் அதன் வர்க்கமூலத்தில் கூடும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சுரம் இரண்டு ஃபிரெட் உயரம், அதாவது ஒரு முழுச் சுரம் ஏற, இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். கம்பியை நீட்டித்தான் விரல் அந்த 26 சதவீதத்தைச் சம்பாதிக்கிறது. இரண்டாம் கம்பியில் 8ஆம் ஃபிரெட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மில்லிமீட்டர். எஃகின் யங் குணகத்தைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், ஒரு முழுச் சுரம் ஏற இந்தக் கம்பி நீள வேண்டியது சுமார் 0.7 மில்லிமீட்டர்தான். அந்த 0.7-ஐப் பெற விரல் பக்கவாட்டில் தள்ள வேண்டிய தூரமோ ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். நட்டுக்கு அப்பால் இருக்கும் மிச்சக் கம்பியும் சேர்ந்து நீளும் என்பதால் கையில் இன்னும் சற்றுக் கூடலாம்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? மொட்டை மாடியில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே விறைப்பாகக் கட்டிய துணிக்கொடியைப் பாருங்கள். ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ஆரம்பத்தில் கொடி விலகுகிறதே தவிர நீள்வதில்லை. பித்தாகரஸ் முக்கோணத்தில் கர்ணம் அடிப்பக்கத்தைவிட மயிரிழைதான் அதிகம். மேலும் தள்ளத் தள்ள, நீட்சி தூரத்தின் வர்க்கத்தில் எகிறுகிறது. இரண்டு மடங்கு தள்ளினால் நாலு மடங்கு நீட்சி. கொடியிலேயே இன்னும் நிறையப் படிக்கலாம். கம்பத்தில் சுற்றிய முடிச்சு நழுவினால் உங்கள் உழைப்பில் ஒரு பங்கு வீண். ட்யூனிங் பெக்கில் கம்பியை ஒழுங்காகச் சுற்றாதவர்களுக்கு நேர்வது அதுதான். ஒரே கம்பத்தில் ஆறு கொடி கட்டியிருந்து, அந்தக் கம்பமும் லேசாகச் சாயக்கூடியது என்றால், ஒன்றைத் தள்ளும்போது மற்ற ஐந்தும் தொய்யும். ஸ்பிரிங் வைத்த ட்ரெமலோ பிரிட்ஜில் ஒரு கம்பியை ஏற்றினால் மற்றவை சுருதி இறங்குவது இதனால்தான்.   

இப்போது விரலுக்கு வருவோம். கை உணர்வது விசையை. விசை, தள்ளிய தூரத்துக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் கூடுகிறது. சுரமோ தூரத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆகவே 7 மில்லிமீட்டரில் “பாதி வந்தாயிற்று” என்று கை சொல்லும்போது சுரம் கால் பங்குதான் ஏறியிருக்கும். முதல் அரைச் சுரத்துக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் செலவாகிறது. அடுத்த அரைச் சுரம் முழுவதும் மீதியுள்ள நாலரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு நகரும், யாருக்கும் கேட்காது. உச்சியில் அதே ஒரு மில்லிமீட்டர், அரைச் சுரத்தில் கால் பங்குக்கும் மேல். ஏற்றிய இடத்தில் அசைவு கொடுக்கிறோமே, அந்த வைப்ரேட்டோ அங்கே அவ்வளவு உயிரோடு ஒலிப்பதும், இடைநிலை மாணவர்களின் சுரம் அங்கே பிசகுவதும் ஒரே காரணத்தால்தான்.

மெல்லிய கம்பி பற்றிய கேள்விக்கு விடையும் இங்கேயே இருக்கிறது. ஒரே நீளம், ஒரே சுருதி, ஒரே எஃகு என்றால், கம்பி தடித்ததோ மெல்லியதோ, தள்ள வேண்டிய தூரம் மாறாது. கணக்கில் தடிமன் அடிபட்டுப் போகிறது. மாறுவது விசை மட்டும். இரண்டாம் கம்பி 0.011 அங்குலம் என்றால் அந்த உச்சியில் விரல் தாங்குவது சுமார் 600 கிராம் எடை, 0.013 என்றால் 840 கிராம் அளவுக்குப் போகும். விரல் வலிக்கிறது என்றால் மெல்லியதற்கு மாறுங்கள். சுருதி சேரவில்லை என்பதற்காக மாற்றாதீர்கள்.

தூரம் மாறுவது கம்பிக்குக் கம்பி. அதே 8ஆம் ஃபிரெட்டில் ஒரு முழுச் சுரம் ஏற மூன்றாம் கம்பிக்கு 11 மில்லிமீட்டர் போதும்; முதல் கம்பிக்கு 19 தேவை. தாழ்ந்த சுருதியில் இருக்கும், மேலே சுற்று இல்லாத கம்பியில் தகைவு குறைவு, அதனால் சிறு நீட்சியே பெரிய பங்காகிவிடுகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பியின் சுரம் இரட்டிப்பாக நாலு மடங்கு எடை தொங்கவிட வேண்டும் என்று கண்டவர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி. விதியாக எழுதி 1636இல் வெளியிட்டவர் மெர்சென். இவர்கள் யாரும் எலெக்ட்ரிக் கிட்டாரில் சோலோ வாசிக்கவில்லை. அங்கே இந்த விதியைக் கைக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள். உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு வைத்து எழுப்பிய நாதத்தை வெறும் விரலில் கொண்டுவர முயன்று தன் வைப்ரேட்டோவை உருவாக்கிக்கொண்டவர் பி.பி. கிங். இடக்கையரான ஆல்பர்ட் கிங், வலக்கைக் கிட்டாரையே திருப்பிப் பிடித்துக் கம்பிகளைக் கீழ்நோக்கி இழுத்தார். நம் வீணைக் கலைஞர்கள் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்தடுத்த சுரங்களைப் பிடிப்பதும் இதே வர்க்கக் கணக்கில்தான்.

கை பொய் சொல்லும் என்றால் யாரை நம்புவது? காதை. அதற்கும் ஓர் உதவி உண்டு. முதல் கம்பியில் 5ஆம் ஃபிரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். அது 440 ஹெர்ட்ஸ். இரண்டாம் கம்பியில் 8ஆம் ஃபிரெட் 392. இரண்டையும் சேர்த்து மீட்டி, இரண்டாவதை மோதிர விரலால் ஏற்றுங்கள். நடுவிரல் பின்னால் முட்டுக்கொடுக்கட்டும். தள்ளும் வேலையை மணிக்கட்டின் சுழற்சி செய்யட்டும். 436-ஐத் தொடும்போது நொடிக்கு நாலு விம்மல் கேட்கும். 438-இல் இரண்டு. விம்மல் நீண்டு நீண்டு நின்றுபோகிற இடம்தான் சரியான இடம். ட்யூனரின் முள்ளைவிட இது நேர்மையானது, ஏனென்றால் மேடையிலும் இதே காதுதான் உங்களோடு வரப்போகிறது.

ஒரே கம்பியில் ஐம்பது முறை செய்யாதீர்கள். 1979இல் ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நடத்திய சோதனையில், சிறு மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசைகளில் தட்டிவிடும் பயிற்சியைச் சிலர் ஒரு வரிசையை முடித்துவிட்டு அடுத்தது என்று செய்தார்கள், சிலர் வரிசைகளைக் கலந்து செய்தார்கள். பயிற்சியின்போது கலந்தவர்கள் தடுமாறினார்கள். பிறகு சோதித்தபோது நன்றாக நினைவில் வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். கிட்டாரில் மூன்று கம்பிக்கும் மூன்று தூரம் என்பதால் கலப்பதற்கு இன்னும் கூடுதல் காரணம் இருக்கிறது. மூன்றாம் கம்பியில் ஒன்று, முதலில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள். அது பழகியதும் கம்பியை ஓசையில்லாமல் முதலிலேயே தள்ளி வைத்துவிட்டு அப்புறம் மீட்டிப் பாருங்கள். அதில் காது வந்து திருத்த அவகாசமே கிடையாது.