பாரம் மிஞ்சினால் முறிவது எது?

கரும்பு ஏற்றிய டிரெய்லர் வாய்க்கால் கரை ஏற்றத்தில் நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய நாற்றம் வருகிறது. மினி டிராக்டர் வைத்திருக்கும் உழவர்கள் பலர் கண்ட காட்சி இது.

15 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட இந்த டிராக்டர்கள் பலவற்றின் எடை ஏறக்குறைய 1 டன்தான். அதன் பின்னால் 4 டன் பாரத்தைக் கட்டினால் என்ன ஆகும்? சக்கரம் வழுக்கினால் தப்பியது. வழுக்காமல் மண்ணைப் பிடித்துக்கொண்டால், உள்ளே ஏதோ ஒன்று முறிந்தாக வேண்டும்.

டிராக்டரைப் பிரித்துப் பார்ப்பது செலவு பிடித்த வேலை. அதற்கு முன் வெளியிலிருந்தே பலவற்றைக் கண்டுபிடிக்கலாம்.

கிளச்சா?

டிரெய்லரைக் கழற்றுங்கள். சமதளத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்து, உயர்ந்த கியரில் கிளச்சை மெல்ல விடுங்கள். என்ஜின் திணறி நின்றால் கிளச்சு பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால், ஒன்று கிளச்சு வழுக்குகிறது. அல்லது பின்னால் ஏதோ முறிந்திருக்கிறது. கருகிய நாற்றம் கிளச்சைக் காட்டிக்கொடுக்கும். "கடகட" ஓசை முறிவைக் காட்டும். கிளச்சு மிதியில் போதிய ஆட்டம் இல்லாவிட்டாலும் வழுக்கும். முதலில் அதைச் சரிசெய்து பாருங்கள்.

அச்சா?

ஒரு பக்க அச்சு முறிந்தால், அந்தப் பக்கம் வீணே சுற்றும், வண்டி நகராது. நின்ற நிலையில் டிபரன்ஷியல் லாக்கைப் போட்டு, கிளச்சை மெல்ல விடுங்கள். வண்டி நகர்ந்தால் பெரும்பாலும் அச்சுதான் போயிருக்கிறது. அதற்குமேல் ஓட்டாதீர்கள், அந்தப் பக்கத்துப் பிரேக்கும் பயனற்றிருக்கலாம்.

எண்ணெய் சொல்லும் சேதி

கியர் எண்ணெயை வடித்துப் பாருங்கள். நைசான சாம்பல் நிறக் குழம்பு சாதாரணத் தேய்மானம். விரலில் அகப்படும் இரும்புச் சில்லு வந்தால் பல் உடைந்திருக்கிறது. என்ஜின் எண்ணெய் மோர்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சூட்டில் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம்.

உயிருக்கும் ஆபத்து

பாரத்தைத் தாழ்வான இழுவைக் கொக்கியில்தான் மாட்டவேண்டும். அச்சுக்கு மேலே சங்கிலி கட்டி இழுத்தால், முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். கண்மூடித் திறப்பதற்குள் டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கிவிடும்.

அளவு மீறினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் அறிந்த சங்கதி. ஒரு நடையை இரண்டு நடையாக்கினால் டீசல்தான் கொஞ்சம் கூடும். அச்சு முறிந்தால் அறுவடையே நின்றுவிடும்!