பாட்டி நகர்ந்த கதை

"சார், பாட்டியை நடுவில் நிறுத்திவிட்டேன்!" என்று ஓடி வந்து சொன்னான் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன்.

லயத்து வாசலில் குடும்பத்தார் வரிசையாக நிற்கும் பழைய படம் அது. ஓரத்தில் நின்ற பாட்டியைக் கணினியில் பிடித்து இழுத்து நடுவே வைத்திருந்தான். பாட்டி நின்ற இடத்தில் வெள்ளைக் கட்டம். நடுவில் நின்ற சித்தப்பாவையோ காணோம்! அதை அப்படியே சேமித்தும் விட்டான். கடுதாசிப் படம் ஏற்கெனவே மழையில் நனைந்து வீணாகியிருந்தது. மிஞ்சியிருந்த ஒரே பிரதி இதுதான்.

பையன் செய்ததில் குற்றமில்லை; முறைதான் தெரியவில்லை. பிள்ளைகளோடு சேர்ந்து பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

விண்டோஸ் கணினியோடு 1985 முதல் வரும் படம் வரையும் நிரல் பெயிண்ட். அதற்குப் பாட்டியும் தெரியாது, சுவரும் தெரியாது. எல்லாம் வண்ணப் புள்ளிகளே. எந்தப் புள்ளிகள் வேண்டும் என்று நாம்தான் வேலி போட்டுக் காட்ட வேண்டும். 'செலக்ட்' என்பதன் கீழ் இரண்டு வழிகள் உண்டு. 'ரெக்டாங்குலர்' நீள்சதுரமாக வளைக்கும். 'ஃப்ரீ ஃபார்ம்' கை போன போக்கில் வளைக்கும். ஆள் உருவத்துக்கு இதுவே ஏற்றது. 1984-இல் மெக்கிண்டாஷ் கணினிக்காக பில் அட்கின்சன் எழுதிய மெக்பெயிண்ட் நிரலிலேயே மாட்டுக்கு வீசும் சுருக்குக் கயிறு போன்ற கருவி இருந்தது.

வளைத்ததும் புள்ளிக் கோடு தெரியும். அதற்குள் மௌஸை வைத்து அழுத்தி இழுத்தால் அந்தப் பகுதி நகரும். துணியில் வெட்டி எடுத்த இடம் ஓட்டையாவது போல, பழைய இடத்தை இரண்டாம் வண்ணம் நிரப்பும். அது பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். 'கண்ட்ரோல்' பொத்தானை அழுத்திக்கொண்டே இழுத்தால், மூலம் அங்கேயே இருக்க, நகல் மட்டும் வரும். 'டிரான்ஸ்பேரண்ட் செலக்‌ஷன்' என்பதைத் தேர்ந்தால், உடன் வரும் வெள்ளைப் பகுதி அடியில் இருப்பதை மறைக்காது.

கோடு இருக்கும்வரை அந்தத் துண்டு மிதந்துகொண்டிருக்கும். வெளியே ஒருமுறை சொடுக்கினால் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். அடியில் இருந்தது போய்விடும். 2023-இல் விண்டோஸ் 11 பெயிண்டில் அடுக்குகள் வந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல வேலை செய்யலாம், அடித்தாளுக்குச் சேதமில்லை.

தவறினால் 'கண்ட்ரோல்' பொத்தானோடு 'இசட்' எழுத்தை அழுத்துங்கள். ஒவ்வோர் அடியாகப் பின்னால் போகும். பழைய எக்ஸ்பி கணினியில் மூன்று அடிதான். நிரலை மூடிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

நல்லவேளை, நம் பையன் நிரலை மூடவில்லை. ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனோம். சித்தப்பா வந்தார், பாட்டியும் ஓரத்துக்குத் திரும்பினார். உடனே 'சேவ் ஆஸ்' கொடுத்து, வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவைத்தோம். எந்த வேலைக்கும் முன்னால் செய்யவேண்டிய முதல் காரியம் அதுதான்.

மாலையில் பாட்டியிடம் படத்தைக் காட்டினான். "அன்றைக்கு ஸ்டோரில் பால் நிறுத்துவிட்டு வர நேரமாகிப் போச்சுய்யா. அதனால்தான் கடைசியில் நின்றேன்" என்றார் அவர்.

பெற்றோர்களே, நகலில் பாட்டியை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தி பிள்ளைகள் விளையாடட்டும். அசல் படத்தில் அவர் ஓரத்திலேயே நிற்கட்டும். அங்கே நின்றதற்கும் ஒரு காரணம் இருக்கிறதல்லவா!