தங்கிய வீடுகள் – 9: ஃபெஸ் நகரத்து நீரூற்று

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் ஒரு வீட்டை வெளியே நின்று எடை போட முடியாது. மெதினா எனப்படும் பழைய நகரத்துக்குள் கார் நுழையாது. கோட்டை வாசலில் இறங்கினால் தள்ளுவண்டிக்காரர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு முன்னே போவார். பின்னாலிருந்து "பாலக், பாலக்!" என்று குரல் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், சுமை ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது. இரண்டு பக்கமும் மொட்டைச் சுவர்கள். இங்கேயா நாம் பணம் கட்டிய விடுதி என்ற சந்தேகம் வலுக்கும் நேரத்தில் குனிந்து நுழையும்படி ஒரு கதவு திறக்கும். நடை நேராகப் போகாமல் வளைந்து போகும். தெருவில் போகிறவர் பார்வை வீட்டுக்குள் விழக்கூடாது என்று வைத்த வளைவு அது. அதைத் தாண்டினால் வானம் பார்த்த முற்றம், நடுவில் பளிங்குத் தொட்டி, அதில் நீரூற்று.

தொட்டியைச் சுற்றியுள்ள ஸெலிஜ் வேலையை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு ஓட்டுச் சில்லுகள்; சில விரல் நகம் அளவுகூட இல்லை. ஃபெஸ் களிமண்ணில் செய்து, வண்ணமேற்றிச் சுட்ட சதுர ஓட்டைக் கனத்த சுத்தியலால் கொத்திக் கொத்தி எடுத்தவை. அவற்றை முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்கிப் பின்புறம் சாந்து ஊற்றுவார்கள். அடுக்குகிற கைக்குத் தெரிவது மண் நிறம் மட்டுமே. நட்சத்திரக் கோலம் முழுவதும் மனக்கணக்கு. என் கண்ணுக்கு ஒரு சில்லுகூடப் பிசகியதாகத் தெரியவில்லை.

ஊற்று வெறும் அழகுக்கு வைத்ததல்ல. கோடையில் இந்த ஊரில் வெயில் 40 டிகிரியைத் தொடும். உயர்ந்த சுவர்கள் நிழல் தரும். ஆவியாகும் நீர் காற்றின் சூட்டைக் குறைக்கும். இரவில் இறங்கும் குளிர்ந்த காற்று முற்றத்திலேயே தங்கி நிற்கும். இன்னொரு உபயோகமும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லா அறைகளும் ஒரே முற்றத்தைப் பார்த்துத் திறக்கும் கூட்டுக் குடும்ப வீட்டில், நீரின் சலசலப்பு இல்லாவிட்டால் ரகசியம் என்று எதைப் பேச முடியும்?

அந்தக் காலத்தில் இந்தத் தண்ணீர் ஃபெஸ் ஆற்றிலிருந்து வந்தது. மேட்டில் ஆற்றைக் கால்வாய்களாகப் பிரித்து, தரைக்கடியில் சுட்ட மண் குழாய்கள் வழியாக மசூதிக்கும் குளியல் கூடத்துக்கும் வீட்டுக்கும் விட்டார்கள். நகரம் சரிவில் இருப்பதால் தண்ணீர் தானே ஓடியது. 859-இல் தொடங்கிய கராவியீன் மசூதி முற்றத்திலும் ஊற்றுகள் உண்டு.

வீடுகளின் கதை திசை மாறியது 1912-இல் பிரெஞ்சு ஆட்சி வந்த பிறகு. அந்த ஆட்சியின் முதல் தலைமை அதிகாரி லியோத்தே பழைய நகரத்தை இடிக்கவில்லை. வெளியே புது நகரம் எழுப்பினார். காலப்போக்கில் வசதியான குடும்பங்கள் அங்கேயும் காசாபிளாங்காவுக்கும் போய்விட்டன. ஒரு குடும்பம் இருந்த மாளிகையில் அறைக்கு ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. கூரை ஒழுகியது, தேவதாரு உத்தரம் உளுத்தது. 1981-இல் யுனெஸ்கோ மெதினாவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பிறகு வெளிநாட்டாரும் உள்ளூர்ப் பணக்காரர்களும் இந்த வீடுகளை வாங்கி விருந்தினர் இல்லங்களாக்கினார்கள்.

இதில் எனக்குக் குறை இல்லை. ஆள் இல்லாமல் இடிந்து விழுவதைவிட அந்நியர் வாடகை கொடுத்துத் தூங்குவது மேல். கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைக்கிறது. ஆனால் நான் தங்கிய வீட்டு ஊற்றில் ஓடுவது ஆற்று நீர் அல்ல. அதே தண்ணீரை மோட்டார் சுற்றிச் சுற்றி மேலே அனுப்புகிறது. இரவு பத்து மணிக்கு அதையும் நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டேன். "தூக்கம் கெடுகிறது என்று மாடியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள், ஐயா" என்றார் காவலாளி. ஊற்றுப் படத்தைப் பார்த்து அறை பிடித்தவர்கள்தான் அவர்களும்!

போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கோடை என்றால் கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். குளிர்காலம் என்றால் மாடிதான். ஜனவரி இரவில் அந்தப் பளிங்குத் தரை எலும்பு வரை குளிரும். முன்பணம் கட்டுவதற்கு முன், முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டிருக்கிறார்களா என்றும் கேட்டுவிடுங்கள். அப்படிப் போட்ட வீடுகளில் மழையும் நட்சத்திரமும் கிடையாது.

(தொடரும்)